பையில் கிடக்கும் நான்கு துண்டுகள்

அன்புள்ள அம்மா,

குன்னூரிலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு 72 வயது. தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்காக ஒரு ஸ்வெட்டர் பின்னினேன். முன்பக்கம், பின்பக்கம், இரண்டு கைகள் எல்லாம் முடிந்து எட்டு மாதம் ஆகிறது. இன்னும் சேர்த்துத் தைக்கவில்லை. ஊட்டிக் கடைகளில் இதைவிட நேர்த்தியாக, குறைந்த விலைக்குக் கிடைக்கிறதே என்கிறாள் தங்கை. இந்தக் காலத்தில் கைப்பின்னலுக்கு அர்த்தம் உண்டா? தையற்காரரிடம் கொடுத்து மெஷினில் அடித்துவிடலாமா?

ம.

அன்புள்ள ம.,

தங்கை சொல்வதை விடுங்கள். கைப்பின்னலுக்கு அர்த்தம் உண்டா என்பது நூல் வாங்குவதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி. நான்கு துண்டும் பின்னி முடித்தவர் அதைக் கேட்கக் கூடாது. மெஷின் வேண்டவே வேண்டாம். பின்னல் இழுபடும், மெஷின் தையல் அந்த அளவுக்கு இழுபடாது. அப்பா கையைத் தூக்கும்போது அறுந்துவிடும்.

எட்டு மாதம் என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் நான் நின்றுவிட்டேன். போன வாரம் பேத்திக்காகப் பெட்டியைக் கிளறியபோது நான் ஏழு வயதில் போட்ட ஸ்வெட்டர் கையில் வந்தது. அதிலிருந்து இதே நினைப்பாக இருக்கிறேன்.

1974, டெல்லி. அரசாங்கக் குடியிருப்பு. கும்பகோணத்திலிருந்து கல்யாணமாகி வந்த என் அம்மா, அதற்குமுன் கம்பளி நூலைத் தொட்டதே இல்லை. மாடி வீட்டுப் பஞ்சாபி அம்மாள்தான் மதிய வெயிலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு உட்காரவைத்துக் கற்றுக்கொடுத்தார். ஒரு பக்கப் பின்னல் ‘சீதா’, மறுபக்கம் ‘உல்டா’. கடைசிவரை அம்மாவுக்கு அவற்றின் பெயர் அதுதான். முழங்கை தேய்ந்துபோன அப்பாவின் பழுப்பு ஸ்வெட்டரைப் பிரித்து, நூலை நாற்காலி முதுகில் சுற்றிச் சிட்டமாக்கி, பூந்திக்கொட்டைத் தண்ணீரில் அலசி, சுருள் நீங்குவதற்காகக் கீழே ஒரு செம்பைக் கட்டித் தொங்கவிட்டார். அந்த நூலில்தான் எனக்குப் பின்னினார்.

ஒரு ஜனவரி இரவு எல்லாவற்றையும் தைத்து முடித்து எனக்கு மாட்டினார். தலை நுழையவில்லை. மூக்குவரை வந்து நின்றுவிட்டது. கண்முன்னே பழுப்பு இருட்டு, பூந்திக்கொட்டை வாசனை, மடங்கிப்போன காதில் உயிர்போகும் வலி. வெளியே அம்மாவின் குரல்: “கொஞ்சம் பொறுடி, கொஞ்சம் பொறு.” நான் அலறிய அலறலில் அப்பா எழுந்து வந்துவிட்டார். அம்மா அன்றிரவு கழுத்தை மூன்று முறை பிரித்துப் பின்னினார். மூன்று முறையும் இறுக்கம். காலையில் மாடி அம்மாள் பார்த்த உடனே சொல்லிவிட்டார்: கழுத்துப் பட்டையைப் பத்தாம் நம்பர் ஊசியில் பின்னு, கடைசி வரிசையை மூடும்போது மட்டும் எட்டாம் நம்பர் எடு. நம்பர் குறைந்தால் ஊசி தடிமன். தடித்த ஊசியில் மூடிய கண்ணிகள், அதாவது நூல் வளையங்கள், தளர்வாக விழும், விரிந்து கொடுக்கும். அவ்வளவுதான் விஷயம்.

நீங்கள் சோம்பேறி இல்லை. சோம்பேறி நான்கு துண்டு பின்னமாட்டாள். உங்களுக்குப் பயம். தைக்காதவரை அந்த ஸ்வெட்டர் அப்பாவுக்குச் சரியாகவே இருக்கும். தைத்த பிறகுதான் கை குட்டை, தோள் தொங்கல் என்பதெல்லாம் தெரியவரும். அங்குலத்துக்கு ஐந்தரை கண்ணி வரவேண்டிய பின்னலில் ஐந்துதான் வந்திருந்தால், 36 அங்குல மார்பு ஏறக்குறைய 40 ஆகியிருக்கும். இருக்கட்டுமே! பிரித்துப் பின்னலாம். என் அம்மா ஒரே இரவில் மூன்று முறை பிரித்தார். எட்டு மாதம், அதுவும் குன்னூரில், 72 வயது மனிதரைக் குளிரில் விட்டுவிட்டு உங்கள் பயத்தைப் பைக்குள் பத்திரமாக வைத்திருக்கிறீர்கள். இது எனக்குப் பிடிக்கவில்லை.

துண்டுகளை நனைத்து, துவாலையில் சுருட்டி ஈரத்தை ஒற்றி எடுத்து, கட்டிலில் விரித்து அளவுக்குக் குண்டூசி குத்தி, நிழலில் காயவிடுங்கள். கொடியில் போட்டால் தண்ணீரின் கனத்தில் நீண்டுவிடும். முதலில் ஒரு தோளைச் சேர்த்துக் கழுத்துப் பட்டை பின்னுங்கள். பிறகு மற்றத் தோள், கைகள், கடைசியில் மணிக்கட்டிலிருந்து அக்குள் வழியாக இடுப்புவரை ஒரே ஓட்டமாகப் பக்கத் தையல். நல்ல பக்கம் உங்களைப் பார்த்திருக்க, இரண்டு துண்டுகளையும் அருகருகே வையுங்கள். ஓரக் கண்ணிக்கும் அடுத்த கண்ணிக்கும் நடுவே ஏணிப்படி போலக் குறுக்கு நூல் ஓடும். இந்தப் பக்கம் ஒரு படி, அந்தப் பக்கம் ஒரு படி என்று அதே கம்பளி நூலால் கோத்துக்கொண்டே போங்கள். இரண்டு அங்குலம் போனதும் நூலை மெல்ல இழுத்துப் பாருங்கள். ஓரங்கள் இரண்டும் ஒன்றையொன்று தேடி வந்து ஒட்டிக்கொள்ளும். தையல் எங்கே என்று உங்களுக்கே தெரியாது. எத்தனை முறை செய்தாலும் அந்த நொடியில் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. இதையா தையற்காரரிடம் கொடுக்கப் பார்த்தீர்கள்?

பிற்பாடு அம்மாவிடம் கேட்டேன், அளவெடுக்காமலா பின்னினாய் என்று. எடுத்தேனே, உன் கழுத்தை எடுத்தேன் என்றார்.

அப்பாவைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரவையுங்கள். காதுக்கு மேலாக நாடாவைச் சுற்றி, தலையை அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.