ஈஎம்ஐ சோதனையில் (கருவி வெளிவிடும் ரேடியோ இரைச்சலை அளக்கும் சோதனை) எங்கள் கருவி தோற்றுவிட்டது. மறுபடி சேம்பருக்குப் (சோதனை அறைக்கு) போகும் முன் மேசையிலேயே என்ன பார்க்கலாம்?

போர்டில் கெபாசிட்டர், பீட் (இரைச்சலை அடக்கும் சிறு ஃபெரைட் துண்டு) எல்லாம் மாற்றி மாற்றிப் போட்டும் கதிர்வீச்சு எல்லைக்குள் இறங்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கொஞ்ச நேரம் போர்டை விடுங்கள். அதிலிருந்து வெளியே போகும் ஒயர்களைப் பாருங்கள்.

தொழிற்சாலைக் கன்ட்ரோலர்கள் செய்யும் இடங்களில் பல வருடமாக வேலை பார்க்கிறேன். நான் முதன்முதலில் தோற்றது 120 மெகாஹெர்ட்ஸில். போர்டில் இருந்தது 24 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல், அதன் ஐந்தாம் மடங்கு அச்சாக அங்கேதான் விழும். ஆள் சிக்கிவிட்டான் என்று நினைத்து, கிளாக் லைனில் ரெசிஸ்டர், கிரிஸ்டலுக்கு மேல் செப்புத் தகடு என்று இரண்டு வாரம் ஓட்டினோம். இறங்க வேண்டியது 9 டெசிபெல், இறங்கியது 2. அடுத்த முறை சேம்பரில் இருந்த டெக்னீஷியன் ஒருவர், "சார், அந்த சென்சார் ஒயரைக் கழட்டிட்டு ஒரு தடவை ஓட்டிப் பாக்கலாமா?" என்றார். கழற்றினோம். திரையில் அத்தனை நாள் நிமிர்ந்து நின்ற முள் காணாமல் போனது.

சத்தம் கிளாக்கினுடையதுதான், சந்தேகமில்லை. அதை ஊருக்கே ஒலிபரப்பியது ஒயர். 120 மெகாஹெர்ட்ஸின் அலைநீளம் 2.5 மீட்டர். உள்ளங்கை அளவு போர்டு அந்த அலைக்கு ஒரு சுமாரான ஆன்டெனா, ஒரு மீட்டர் ஒயரோ அருமையான ஆன்டெனா. இன்னொரு கணக்கும் சொல்கிறேன். ஒரு மீட்டர் ஒயரில் 50 மெகாஹெர்ட்ஸில் வெறும் 5 மைக்ரோஆம்பியர் காமன் மோட் மின்னோட்டம், அதாவது எல்லாக் கம்பிகளிலும் ஒரே திசையில் ஓடுவது, இருந்தாலே 3 மீட்டர் தள்ளி மீட்டருக்குச் சுமார் 100 மைக்ரோவோல்ட் புலம் உண்டாகும். 230 மெகாஹெர்ட்ஸ் வரை கிளாஸ் பி (வீட்டில் பயன்படும் கருவிகளுக்கான) எல்லையும் அந்தத் தூரத்தில் ஏறக்குறைய அதேதான், மீட்டருக்கு 1 மைக்ரோவோல்ட்டோடு ஒப்பிட்டால் 40 டெசிபெல். மல்டிமீட்டரில் தட்டுப்படாத கரண்ட், ஆளைத் தோற்கடித்துவிடும்.

நல்ல செய்தி, இந்தக் கரண்ட்டை மேசையிலேயே பார்க்கலாம். பெரிய கிளிப் ஃபெரைட் (ஒயர் மேல் கவ்வும் காந்தப் பொருள் வளையம்) ஒன்றில் மெல்லிய ஒயரை ஐந்து சுற்று சுற்றி, முனையில் கோஆக்ஸ் கேபிள் பற்றவைத்து, எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சத்தம் என்று காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசரில் செருகுங்கள். அதைக் கருவியின் ஒவ்வொரு கேபிளிலும் மாட்டி, எதில் அந்த முள் பெரிதாக இருக்கிறது என்று பாருங்கள். துல்லியமான அளவு கிடைக்காது. ஒரு மாற்றம் செய்தால் ஏறுகிறதா இறங்குகிறதா என்பது தெரியும், இப்போது உங்களுக்கு வேண்டியது அதுதான். கருவியை அணைத்துவிட்டும் ஒருமுறை பதிவு செய்துகொள்ளுங்கள். 88 முதல் 108 வரை நிற்பவை பெரும்பாலும் நம்ம ஊர் எஃப்எம் நிலையங்கள், அவற்றோடு சண்டை போட வேண்டாம்.

எங்கள் சென்சார் ஒயர் ஷீல்டு போட்டதுதான் என்பது இதில் வேடிக்கை. அந்த ஷீல்டை வால் மாதிரி முறுக்கி, 6 சென்டிமீட்டர் இழுத்து, போர்டு கிரவுண்டில் பற்றவைத்திருந்தோம். ஒயரில் ஒரு மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 1 நானோஹென்றி என்று வைத்தால் அந்த வால் 60 நானோஹென்றி. 120 மெகாஹெர்ட்ஸில் அது சுமார் 45 ஓம். போதாததற்கு, துடித்துக்கொண்டிருக்கும் போர்டு கிரவுண்டிலேயே ஷீல்டைக் கட்டியதால் ஷீல்டே ஆன்டெனாவாகிவிட்டது. வாலை வெட்டிவிட்டு, ஷீல்டைச் சுற்றிலும் கவ்வும் உலோகக் கிளாம்பு ஒன்றை ஒயர் பெட்டிக்குள் நுழையும் இடத்திலேயே போட்டோம். முதலில் ஒன்றும் மாறவில்லை. பெட்டியில் பவுடர் கோட்டிங்! கிளாம்புக்கு அடியில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த பிறகுதான் 11 டெசிபெல் இறங்கியது. பெட்டி பிளாஸ்டிக் என்றால் இந்த வழி இல்லை. ஒயர் போர்டில் ஏறும் இடத்திலேயே காமன் மோட் கரண்ட்டைத் தடுக்கும் சோக் சுருள் போட்டுப் பாருங்கள்.

மின்சார ஒயர் வழியாகப் போகும் இரைச்சல் தனிக் கதை. அதை 150 கிலோஹெர்ட்ஸ் முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை லிஸ்ன் (LISN) என்ற பெட்டியை மின் இணைப்புக்கும் கருவிக்கும் நடுவில் வைத்து அளப்பார்கள். பல எஸ்எம்பிஎஸ் (ஸ்விட்ச்சிங் பவர் சப்ளை) ஐசிகள் 65 கிலோஹெர்ட்ஸில் ஓடுவது சும்மா இல்லை: இரண்டாம் மடங்கு 130, அளக்கத் தொடங்கும் இடத்துக்குக் கீழேயே நின்றுவிடும். இங்கே தோற்றால் எல்லோரும் ஒய் கெபாசிட்டரை, அதாவது லைனுக்கும் எர்த்துக்கும் நடுவில் போடும் கெபாசிட்டரை, ஏற்றப் பார்ப்பார்கள். அதற்கு ஒரு வரம்பு உண்டு. 230 வோல்ட் லைனிலிருந்து எர்த்துக்கு 4.7 நானோஃபாரட் போட்டால் 0.34 மில்லியாம்பியர் எர்த்துக்குக் கசியும். இரண்டு பின் சார்ஜர் போட்ட உலோக லேப்டாப்பைத் தொட்டால் சுறுசுறு என்கிறதே, அதுவும் இதே குடும்பம்தான்.

சேம்பர் நேரத்தை மிச்சப்படுத்த ஒரு விஷயம். எல்லைகளில் ஒன்று குவாசி பீக் என்ற முறையில் சொல்லப்பட்டிருக்கும். வானொலி கேட்பவருக்கு இடையூறு எவ்வளவு எரிச்சலாக இருக்கும் என்பதை ஒட்டி வந்த அளவீடு அது. ரேடியோ இடையூறுக்கு எல்லை வகுக்க 1934இல் தொடங்கிய சிஸ்பர் (CISPR) அமைப்பின் அன்றைய கவலையே வானொலிதான். எப்போதோ ஒரு முறை வரும் டிக் சத்தத்துக்குக் குறைவாகவும், விடாத இரைச்சலுக்கு அதிகமாகவும் காட்டும். அளக்க நேரமாகும். பீக் அளவு ஒருபோதும் குவாசி பீக்குக்குக் கீழே போகாது என்பதால் முதலில் பீக்கில் ஓட்டச் சொல்லுங்கள். அதில் எல்லையைத் தொட்ட இடங்களை மட்டும் குவாசி பீக்கில் பார்த்தால் போதும்.

பையில் என்ன கொண்டுபோகலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். நாலைந்து அளவில் கிளிப் ஃபெரைட், செப்பு டேப், உப்புத்தாள், மாற்றுக் கேபிள்கள். அப்புறம், முழு சார்ஜ் ஏற்றிய லேப்டாப். ஒருநாள் காலை முழுவதும் ஒரே முள்ளைத் துரத்தினோம். உள்ளே மேசை சுற்றுகிறது, ஆன்டெனா 1 மீட்டரிலிருந்து 4 மீட்டர் வரை ஏறி இறங்குகிறது, வெளியே எங்களுக்கு மூன்று டீ ஆகிவிட்டது. சலித்துப்போய்க் கருவியின் பிளக்கையே பிடுங்கினேன். முள் அப்படியே நின்றது. கருவியோடு பேசுவதற்காக உள்ளே வைத்திருந்த எங்கள் லேப்டாப்பின் சார்ஜர்தான் அது.