ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் சின்ன அலுவலகத்துக்கு எந்த யூபிஎஸ் வாங்கலாம்? இருக்கிற இன்வெர்ட்டரே போதாதா?

கேள்வி கேட்டவரிடம் ஒரு சர்வர், இரண்டு கம்ப்யூட்டர், ஒரு லேசர் பிரிண்டர் இருக்கின்றன. மின்விசிறிக்கும் லைட்டுக்கும் ஏற்கெனவே ஒரு இன்வெர்ட்டர் ஓடுகிறது. அலுவலகம் கடலிலிருந்து கூப்பிடு தூரம் என்கிறார். மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் மீன், நண்டு கம்பெனிகளின் கம்ப்யூட்டர்களைப் பதினோரு வருடமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் இன்வெர்ட்டர். கரண்ட் போனதும் அது பேட்டரிக்கு மாறக் கொஞ்ச நேரம் எடுக்கும். மின்விசிறிக்கு அது தெரியாது, கம்ப்யூட்டருக்குத் தெரியும். முழுச் சுமையில் ஓடும் கம்ப்யூட்டரின் பவர் சப்ளை, கரண்டே இல்லாமல் சுமார் 16 மில்லிசெகண்ட்தான் தாங்கும். இன்வெர்ட்டர் அதைத் தாண்டிவிட்டால் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிவிடும். பல இன்வெர்ட்டர்களில் பின்பக்கம் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும்; அதை 'யூபிஎஸ்' பக்கம் தள்ளினால் சீக்கிரம் மாறும். டெஸ்க்டாப்புக்கு அவசரத்துக்கு இதுவே போதும். சர்வருக்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அதிலும் ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் (வீட்டுக் கரண்டின் வளைவான அலைக்குப் பதில் சதுர அலை தருவது) என்றால் வேண்டவே வேண்டாம்; இப்போது வரும் பவர் சப்ளைகள் பலவற்றுக்கு அது ஒத்துப்போகாது.

சர்வருக்கும், அதோடு இருக்கும் ரவுட்டர், ஸ்விட்ச் இரண்டுக்கும் ஒரு 1 கேவிஏ ஆன்லைன் யூபிஎஸ் வாங்குங்கள். ஆன்லைன் வகையில் கரண்ட் எப்போதும் யூபிஎஸ்ஸுக்குள்ளேயே இருக்கும் இன்வெர்ட்டர் வழியாகத்தான் வெளியே வரும். அதனால் மாறுகிற இடைவெளியே கிடையாது. ஜெனரேட்டரில் ஓடும்போது கரண்டின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸிலிருந்து கொஞ்சம் ஏறி இறங்கினாலும் சமாளிக்கும். ஐஸ் பிளான்ட்டோடு ஒட்டிய ஆபீஸ்களில், கம்ப்ரசர் ஸ்டார்ட் ஆகும் ஒவ்வொரு முறையும் வோல்டேஜ் தொப்பென்று விழும். அங்கே ஆன்லைன்தான் நின்று காட்டியது. இரண்டு கம்ப்யூட்டருக்கும் ஆளுக்கொரு 600 விஏ லைன் இன்டராக்டிவ் (கரண்ட் போனால் மட்டும் பேட்டரிக்கு மாறும் வகை) யூபிஎஸ் போதும். 600 விஏ என்று அட்டையில் போட்டிருப்பதை 600 வாட் என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலும் அது 360 வாட்தான். வாங்குமுன் பிளக்கில் செருகும் வாட் மீட்டர் ஒன்றை இரவல் வாங்கியாவது சுமையை அளந்துவிடுங்கள். எங்கள் இடத்தில் ஒன்றில் சர்வர் 95 வாட், மானிட்டரோடு டெஸ்க்டாப் 80 வாட் காட்டியது. லேசர் பிரிண்டரை மட்டும் எந்த யூபிஎஸ்ஸிலும் மாட்டாதீர்கள். அதன் ஹீட்டர் சூடேறும்போது இழுக்கும் கரண்டில் யூபிஎஸ்ஸே சுமை தாங்காமல் அணைந்துவிடும்.

பெட்டி வாங்குவது இவ்வளவுதான். இதற்கு மேல் இருப்பதெல்லாம் பேட்டரி. அதை நான் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்லியாக வேண்டும்.

ஒரு நண்டு கம்பெனி. நண்டை அவித்து, ஓடு உடைத்து, சதையைப் பிரித்துக் கொடுக்கும் பெண்களுக்குக் கிலோ கணக்கில் கூலி. சனிக்கிழமை மாலை பட்டுவாடா. அன்று மதியம் மூன்று மணிக்குக் கரண்ட் போனது. யூபிஎஸ் கத்தக்கூட இல்லை, சர்வரோடு சேர்ந்து அதுவும் அணைந்துவிட்டது. அதற்கு ஒரு நிமிடம் முன்புவரை அதில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது, பேட்டரி முழுதாக இருப்பதாக. கரண்ட் வந்தபின் எடைக் கணக்கு வைத்திருந்த டேட்டாபேஸ் திறக்கவில்லை. கையில் இருந்த பேக்கப் போன சனிக்கிழமையுடையது. எடை மேடையில் எழுதிய நோட்டு ஐஸ் தண்ணீரில் ஊறிப் பாதிப் பக்கங்களில் மை கலைந்திருந்தது. கடைசியில் அந்தப் பெண்களிடமே கேட்டோம். ஒரு அக்கா, "திங்கக்கிழமை 3 கிலோ 400, செவ்வா 3 கிலோ 150, புதன் லீவு" என்று வரிசையாகச் சொன்னார். நோட்டில் மை தப்பியிருந்த நாட்களோடு ஒப்பிட்டோம், 50 கிராம்கூடத் தப்பவில்லை. ஆனாலும் எல்லோருக்கும் கணக்கு முடிந்து கூலி கைக்குப் போனது திங்கட்கிழமை மாலை. சனிக்கிழமைச் சந்தைக்கு அந்தப் பணத்தை நம்பி இருந்தவர்கள் அவர்கள். அந்த பேட்டரியைச் சோதிக்க வேண்டியவன் நான். சோதிக்கவில்லை.

பச்சை விளக்கு ஏன் பொய் சொன்னது? சார்ஜில் இருக்கும் 12 வோல்ட் பேட்டரி எவ்வளவு கெட்டிருந்தாலும் 13.5 வோல்ட் பக்கம் காட்டும். உள்ளே தகடுகள் கெட்டு உள்மின்தடை ஏறியிருந்தால், சுமை ஏறிய நொடியே அந்த வோல்டேஜ் 10க்குக் கீழே சரியும். வோல்டேஜை மட்டும் பார்க்கும் விளக்குக்கு இது தெரியாது. சுமை வைத்துப் பார்த்தால்தான் தெரியும். அப்போதிலிருந்து மாதத்தின் முதல் வேலை நாளில், எல்லாக் கோப்பையும் சேமித்து, பேக்கப் எடுத்தபின், சுவர் சுவிட்சை அணைத்து 5 நிமிடம் கடிகாரத்தோடு நிற்கிறேன். எத்தனை சதவீதம் இறங்கியது என்று யூபிஎஸ் மேலேயே ஒட்டிய தாளில் எழுதிவைக்கிறேன். 5 நிமிடத்தில் 10 சதவீதம் இறங்கிக்கொண்டிருந்தது 25 ஆனால் பேட்டரியை மாற்றச் சொல்லிவிடுவேன். ஆன்லைன் யூபிஎஸ்ஸில் பெரும்பாலும் இரண்டு மூன்று பேட்டரிகள் தொடராக இருக்கும். கெட்டது ஒன்று என்று தெரிந்தாலும் மொத்தமாக மாற்றுங்கள். பழையது புதியதையும் சேர்த்துக் கெடுக்கும்.

நம் ஊரில் பேட்டரிக்கு இரண்டு எதிரிகள், வெக்கையும் உப்பும். மூடிய வகை லெட் ஆசிட் பேட்டரிக்குச் சொல்லும் 3 முதல் 5 வருட ஆயுள் எல்லாம் 25 டிகிரிக்குச் சொன்னது. 8, 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகிவிடும். மே மாதம் மத்தியானம் சாத்திய அறைக்குள் 35 டிகிரி சாதாரணம். ஆக, இரண்டு வருடம் ஓடினால் அந்தப் பேட்டரி தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மேற்குச் சுவரோரம் வைக்காதீர்கள். வாங்கும்போது பேட்டரியில் அச்சடித்த தேதியைப் பாருங்கள். கடை அலமாரியில் சார்ஜ் இல்லாமல் ஆறு மாதத்துக்கு மேல் இருந்ததை நான் வாங்குவதில்லை. கடைக்காரரிடம், "அண்ணே, போன மாசச் சரக்கு இருந்தா குடுங்க" என்று கேட்டால் எடுத்துத் தருவார். லித்தியம் ஃபெரோ பாஸ்பேட் பேட்டரி உள்ள யூபிஎஸ்ஸும் கிடைக்கிறது. வெக்கையை அது நன்றாகத் தாங்கும், பல வருடம் வரும், விலைதான் கூடுதல். வசதி இருந்தால் சர்வருக்கு அதையே எடுக்கலாம். ஆனால் லெட் ஆசிட்டுக்கான பழைய யூபிஎஸ்ஸில் பேட்டரியை மட்டும் லித்தியமாக மாற்றாதீர்கள், சார்ஜர் வேறு.

ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது ஜன்னல் கம்பியை நக்கினால்கூட உப்புக் கரிக்கும். அந்தக் காற்றைத்தான் யூபிஎஸ்ஸின் விசிறி உள்ளே இழுக்கிறது. பாம்பனில் ஒருமுறை இரண்டு வருட யூபிஎஸ்ஸைத் திறந்தேன். விசிறி இதழ்களில் ஈரப்பசையோடு சாம்பல் நிறப் படலம், சர்க்யூட் போர்டில் செம்பு எல்லாம் பச்சை பூத்திருந்தது, பேட்டரியின் கிளிப் கறுத்துத் தொட்டதும் உதிர்ந்தது. கடல் பார்த்த ஜன்னலுக்கு எதிரே வைக்கவே வைக்காதீர்கள், தரையிலிருந்து ஒரு முழமாவது உயர்த்துங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, தெரிந்தவரைக் கொண்டு கிளிப்புகளைத் துடைத்து லேசாக வாசலின் தடவச் சொல்லுங்கள். உங்கள் இன்வெர்ட்டரின் டியூபுலர் பேட்டரிக்கும் அதேதான். அதில் டிஸ்டில்டு வாட்டரைத் தவிர வேறு தண்ணீர் ஊற்றக்கூடாது. நம் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் ஒரு டம்ளர் போதும், பேட்டரி முடிந்துவிடும். சார்ஜ் ஆகும்போது அது ஹைட்ரஜன் விடும் என்பதால் காற்றோட்டமான இடத்தில் இருக்கட்டும், பக்கத்தில் சாமி விளக்கு வேண்டாம்.

இவ்வளவு செய்தும் கேபிளை மறந்தால் பாதி வேலைதான். யூபிஎஸ்ஸோடு வரும் யூஎஸ்பி கேபிளை முக்கால்வாசிப் பேர் அட்டைப் பெட்டியிலேயே விட்டுவிடுகிறார்கள். அதைச் சர்வரில் மாட்டுங்கள். விண்டோஸ் பல யூபிஎஸ்களை லேப்டாப் பேட்டரி போலவே அடையாளம் கண்டுகொள்ளும். லினக்ஸ் என்றால் 'நெட்வொர்க் யூபிஎஸ் டூல்ஸ்' என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. பேட்டரி தீரப்போகிறது என்று யூபிஎஸ் சொல்லும்வரை காத்திருக்க வேண்டாம். வயதான பேட்டரி அதைச் சொல்லாமலேயே போய்விடும். கரண்ட் போய் 5 நிமிடம் ஆனால் சர்வர் தானாக ஷட்டவுன் ஆகட்டும் என்று வைத்துவிடுங்கள். இரவு முழுக்கச் சர்வரை ஓட்ட ஆசைப்பட்டுப் பெரிய பேட்டரிக்குச் செலவழிப்பவர்களைப் பார்க்கிறேன். இரவில் ஆபீஸில் யாருமே இல்லை என்றால் அது ஏன் ஓட வேண்டும்? புயல் நாட்களில் இன்னொன்று. கரண்ட் வந்ததும் சர்வர் உடனே எழக்கூடாது. வந்து வந்து போகும், பேட்டரியில் சார்ஜ் ஏறியிருக்காது, இரண்டாவது தடவை அணையும்போதுதான் கோப்பு கெடும். ஒரு மணி நேரம் கரண்ட் விடாமல் இருப்பதைப் பார்த்தபின் ஆன் செய்யச் சொல்லியிருக்கிறேன்.

பழைய பேட்டரியைக் காயலான் கடையில் போடாதீர்கள். ஆசிட்டை மணலில் கொட்டிவிட்டு ஈயத்தை மட்டும் உருக்குபவர்கள் இருக்கிறார்கள், இறங்குவது நம் நிலத்தடி நீரில். 2022ஆம் ஆண்டின் பேட்டரி கழிவு மேலாண்மை விதிகளின்படி தயாரிப்பாளர்களுக்குத் திரும்பப் பெறும் பொறுப்பு இருக்கிறது. புதியது வாங்கும் கடையிலேயே கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வார்கள்.

இப்போது பணம் எதற்கு முதலில் என்று கேட்டால், எர்த்துக்கு. உப்பு மண்ணில் மின்சாரம் நன்றாக இறங்கும், ஆனால் அதே உப்பு எர்த்துக்காகப் புதைத்த குழாயைத் தின்றுவிடும். தங்கச்சிமடத்தில் ஒரு குழியைத் தோண்டியபோது ஜிஐ பைப் பிஸ்கட் மாதிரி அடுக்கடுக்காகக் கையில் வந்தது. அந்த ஆபீஸில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையில் 11 வோல்ட் இருந்தது. செம்பு எர்த் போட்டு, லூசாக இருந்த நியூட்ரலையும் இறுக்கியபின் 2க்குக் கீழே வந்தது, மாதம் ஒருமுறை நெட்வொர்க் கார்டு பழுதாகிக்கொண்டிருந்ததும் நின்றது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். அந்த எண்ணை எனக்குக் கீழே எழுதுங்கள், யூபிஎஸ் மாடலை அதற்குப் பிறகு பேசலாம்.