புது டேங்க்ல மீன் விடுறதுக்கு முன்னாடி: கேளுங்க, சொல்றேன்

டேங்க் வாங்குன அன்னைக்கே மீனையும் வாங்கிட்டு வந்து ஒரே வாரத்துல மொத்தத்தையும் பறிகொடுக்குறவங்க ரொம்பப் பேர். மனசு கேக்கல, அதான் இன்னைக்கு இதைப் பத்தி மட்டும் கேளுங்கன்னு சொன்னேன்.

அண்ணா, கொளத்தூர்ல ரெண்டடி டேங்க் வாங்கியிருக்கேன். ரெண்டு நாள் தண்ணி ஓடுனா மீன் விடலாம்னு சொல்றாங்களே?

விடாதீங்க தம்பி. ரெண்டு நாள்ல குளோரின் வேணா போகும், ஆனா மீன் கழிவுல இருந்து வர்ற அம்மோனியாவை யாரு சாப்பிடுறது? அதுக்குன்னு ஒரு வகை பாக்டீரியா இருக்கு, அது அம்மோனியாவை நைட்ரைட்டா மாத்தும், இன்னொரு வகை வந்து நைட்ரைட்டை நைட்ரேட்டா மாத்தும், அம்மோனியாவும் நைட்ரைட்டும் மீனுக்கு விஷம், கடைசியா வர்ற நைட்ரேட்டை மீன் ஓரளவு தாங்கும். இந்த ரெண்டு வகை பாக்டீரியாவும் ஃபில்டர் ஸ்பாஞ்ச்ல குடியேற 4 முதல் 6 வாரம் ஆகும். நான் முதல்ல வாங்குனப்ப 6 கோல்ட்ஃபிஷ் அன்னைக்கே விட்டேன். நாலாம் நாள் காலைல பாத்தா எல்லாம் தண்ணி மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடுதுங்க, செவுள் ரத்தச் சிவப்பு. ஒண்ணுகூட மிஞ்சல. இன்னும் அது கண்ணுலயே நிக்குது.

மீனே இல்லாம அந்த பாக்டீரியா எப்படி சார் வளரும்?

மீன் தீனி ஒரு சிட்டிகை தினமும் போடுங்க, அது அழுகி அம்மோனியா வரும். ஃபில்டர் ராப்பகலா ஓடணும். தெரிஞ்சவங்க வீட்ல நோயில்லாத பழைய டேங்க் இருந்தா அவங்க ஸ்பாஞ்சை உங்க தண்ணியில பிழிஞ்சு விடுங்க, டீ டிகாஷன் மாதிரி பழுப்பா வரும், அழுக்குன்னு நினைக்காதீங்க, அதுல தான் உயிரே இருக்கு. நாள் நல்லாவே குறையும்.

மெட்ரோ தண்ணியா, போர் தண்ணியா?

குழாய்ல வர்ற மெட்ரோ தண்ணின்னா குளோரினை நீக்குற ஆன்டி குளோரின் மருந்து போட்டே ஆகணும், இல்லன்னா குளோரின் பாக்டீரியாவையும் சேர்த்து கொன்னுடும். போர் தண்ணி உப்பா இருந்தாலும் கப்பி, மோலி மாதிரி சின்ன மீனுங்க நல்லாவே வாழும்.

நாலாம் நாள் தண்ணி பால் மாதிரி ஆயிடுச்சு. மாத்திடுன்னு எங்க அக்கா சொன்னாங்க, மாத்தவா?

வேணாம்மா. அது பாக்டீரியா பெருகுறதுதான், தானா தெளியும். தீனியை மட்டும் கொஞ்சம் குறைங்க. நிறைய பேரு இந்த இடத்துல பயந்து ஸ்பாஞ்சைக் குழாய்ல தேய்ச்சுக் கழுவி, முதல்ல இருந்து ஆரம்பிக்கிற மாதிரி ஆக்கிடுறாங்க. கழுவணும்னா டேங்க் தண்ணியை ஒரு பக்கெட்ல எடுத்து அதுல லேசா பிழியுங்க.

டேங்க் எங்க வைக்கிறது?

வெயில் நேரா படாத இடம், பாசி அதிகமா பிடிக்காது. ரெண்டடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரம்னா தண்ணி மட்டுமே 56 லிட்டர் கிட்ட, அதாவது 56 கிலோ, கல்லு கண்ணாடி தனி, ஆடுற மேஜை தாங்காது. அடியில தெர்மாகோல் போடுங்க. ஒரு நாள் பூரா தண்ணி நிரப்பி லீக் இருக்கான்னு பாத்துட்டு அப்புறம் கல்லு போடுங்க. கல்லைக் கழுவ சோப்பு கூடவே கூடாது.

ரெடி ஆயிடுச்சுன்னு எப்படித் தெரியும்?

தண்ணியில அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் எவ்வளவு இருக்குன்னு காட்டுற டெஸ்ட் கிட் வாங்குங்க, இதுல மட்டும் காசு பாக்காதீங்க. முதல்ல அம்மோனியா ஏறும், அது இறங்குறப்ப நைட்ரைட் ஏறும், தீனி போட்டுட்டே இருந்தும் ரெண்டுமே ஜீரோ காட்டி நைட்ரேட் தெரிஞ்சா ரெடி. பாதித் தண்ணியை மாத்திட்டு மூணு நாலு கப்பி மட்டும் விடுங்க, அடுத்தது ரெண்டு வாரம் கழிச்சு.

கவரோட அப்படியே கொட்டிடலாமா?

கூடாது. கவரை 20 நிமிஷம் மிதக்கவிட்டு, டேங்க் தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா உள்ள ஊத்தி, அப்புறம் வலையில மீனை மட்டும் எடுத்து விடுங்க. கடைத் தண்ணி சிங்க்குக்கு. அன்னைக்கு ராத்திரி லைட்டும் வேணாம், தீனியும் வேணாம்.