பேசாத செயலி யாருக்கு? ஒலிநூல் கருவி கேள்வி-பதில்

வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ராக்பாக்ஸ் பிளக்இன்கள், அதாவது ராக்பாக்ஸுக்குள் ஓடும் சிறு செயலிகள் பற்றியவை. 2001-இல் ஆர்வலர்கள் தொடங்கிய ராக்பாக்ஸ் என்ற திறமூல மென்பொருள், சாதாரண எம்பி3 ப்ளேயரின் மெனுவையே பேசவைத்தது. பார்வையற்ற நமக்கு அது பெரிய வரம்.

நண்பர் அனுப்பிய பிளக்இன் அவருடைய ப்ளேயரில் ஓடுகிறது. என்னுடையதில் திறந்த உடனே மெனுவுக்குத் திரும்பிவிடுகிறது. ஏன்?

பிளக்இன்கள் டாட் ராக் என்று முடியும் கோப்புகள். அவற்றை மாடலுக்கு மாடல் தனியாகக் கம்பைல் செய்ய வேண்டும், அதாவது ஓடும் வடிவத்துக்கு மாற்ற வேண்டும். மாடல் ஒன்றே ஆனாலும் ராக்பாக்ஸ் பதிப்பு வேறானால் ஓடாமல் போகலாம். உங்கள் மாடலுக்கும் பதிப்புக்கும் உரியதைக் கேட்டு வாங்குங்கள். எதில் கை வைப்பதற்கு முன்பும் ப்ளேயரில் ராக்பாக்ஸ் இருக்கும் டாட் ராக்பாக்ஸ் ஃபோல்டரைக் கணினியில் நகலெடுத்து வையுங்கள்.

புதிய பதிப்புக்கு மாறினேன். மெனு பேசவில்லை.

குரல் கோப்பும் அதே பதிப்புக்கு உரியதாக இருக்க வேண்டும். கணினியில் ஓடும் நிறுவல் மென்பொருளான ராக்பாக்ஸ் யுடிலிட்டியிலேயே புதிதாக நிறுவலாம். பழைய ஃபோல்டரின் நகல் கையில் இருந்தால் அதுவரை பேச்சில்லாமல் தவித்திருக்க மாட்டீர்கள்.

தூங்கும் நேரத்தில் தானே அணையும் செயலி எங்கே கிடைக்கும்?

தேடவே வேண்டாம். ஸ்லீப் டைமர் ராக்பாக்ஸிலேயே இருக்கிறது.

வேகத்தைக் கூட்டினால் வாசிப்பவர் குரல் கீச்சென்று ஆகிறது. மாற்று பிளக்இன் உண்டா?

பிளக்இன் தேவையில்லை. ஒலி அமைப்பில் டைம்ஸ்ட்ரெட்ச்சை இயக்கி, ப்ளேயரை அணைத்துப் போடுங்கள். பிறகு சுருதி மாறாமல் வேகம் மட்டும் கூடும்.

தமிழில் பெயரிட்ட புத்தகங்கள் வந்தால் குரல் மௌனமாகிவிடுகிறது.

எழுத்துக்கூட்டிச் சொல்லும் முறைக்குத் தமிழ் தெரியாது. ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு டாட் டாக் குரல் துணுக்கு வேண்டும். ஃபோல்டருக்கு, அதற்குள்ளேயே அண்டர்ஸ்கோர் டிர்நேம் டாட் டாக் என்ற பெயரில் இருக்க வேண்டும். கணினியில் தமிழ்க் குரல் இருந்தால் யுடிலிட்டியே மொத்தமாகத் தயாரித்துவிடும். இஸ்பீக் என்ஜி என்ற இலவசப் பேச்சு மென்பொருளின் தமிழே போதும். பிறகு குரல் அமைப்பில் டாக் துணுக்குகளை இயக்க மறக்காதீர்கள். பலர் இங்கேதான் விட்டுவிடுகிறார்கள்.

லூவா நிரல்மொழியில் ராக்பாக்ஸுக்கு ஒரு டைமர் எழுதினேன். திரை அழகாக இருக்கிறது என்றார்கள். பார்வையற்ற நண்பர்கள் மட்டும் பயன்படுத்துவதில்லை.

எப்படிப் பயன்படுத்துவார்கள்? இப்படி ஒரு டைமர் என் கைக்கும் வந்தது. நடுப் பொத்தானை அழுத்தினேன், சத்தமே இல்லை. அழுத்தியது பதியவில்லை என்று நினைத்து மறுபடி அழுத்தினேன். முதல் அழுத்தில் ஓடத் தொடங்கியதை இரண்டாவது அழுத்தில் நானே நிறுத்திவிட்டேன் என்பது அரை மணி நேரம் காத்திருந்த பிறகுதான் புரிந்தது. திரையில் "நிறுத்தப்பட்டது" என்று வந்து இரண்டு விநாடியில் மறைந்ததாம். அருகில் இருந்தவர் சொன்னார்.

நமக்காக என்று சொல்லியே எழுதுகிறார்கள், கண்ணால் மட்டுமே சோதிக்கிறார்கள். பல வருடமாகச் சொல்லி வருகிறேன், கடிதங்கள் குறையவில்லை. பீப் எழுப்பவும், எண்ணைப் பேசவும், எழுத்துக்கூட்டிச் சொல்லவும், குரல் துணுக்கை ஒலிக்கவும் ராக்பாக்ஸ் பிளக்இன் கட்டமைப்பிலேயே வசதி இருக்கிறது. ஒவ்வொரு அழுத்துக்கும் ஒரு பதில் ஒலி வேண்டும். தொடக்கத்துக்கு ஒரு பீப், நிறுத்தத்துக்கு இரண்டு. மீதி நேரம் சொல்ல ஒரு பொத்தான். வெளியேற ஒரே பொத்தான், அது எந்த நிலையிலும் மாறக் கூடாது.

இன்னொன்று: உங்கள் பிளக்இன் ஆடியோவுக்கான நினைவகத்தை எடுத்துக்கொண்டால், ஓடிக்கொண்டிருக்கும் புத்தகம் நின்றுவிடும். அதை விளக்கக் குறிப்பின் முதல் வரியிலேயே எழுதுங்கள். பயன்படுத்துபவர்களும் புத்தகக்குறி வைத்துவிட்டே பிளக்இன்னைத் திறக்க வேண்டும். பத்து மணி நேரப் புத்தகத்தில் விட்ட இடத்தைத் தேடுவது சின்ன வேலை இல்லை.

திரையை அணைத்து வைத்து ஒரு நாள் முழுக்க நீங்களே உங்கள் டைமரைப் பயன்படுத்துங்கள். திருத்தியதை எனக்கு அனுப்புங்கள், நிச்சயம் சோதித்துச் சொல்கிறேன்.

டெய்சி புத்தகத்தை ராக்பாக்ஸ் படிக்குமா?

உள்ளே இருக்கும் எம்பி3 ஓடும், அவ்வளவுதான். டெய்சி என்பது பார்வையற்றோருக்கான ஒலிநூல் வடிவம். அதன் பலமே தலைப்புக்குத் தலைப்பு, பக்கத்துக்குப் பக்கம் தாவுவது. அதற்கான என்சிசி, ஸ்மில் கோப்புகளை ராக்பாக்ஸ் கண்டுகொள்ளாது. பாடநூல் என்றால் டெய்சி கருவியே வாங்குங்கள்.

என் ப்ளேயர் வேலை செய்யவில்லை. உடனே வழி சொல்லவும்.

எந்த மாடல்? எந்தப் பதிப்பு? கடைசியாக எதை நிறுவினீர்கள்? ஒன்றுமே எழுதாமல் என்ன சொல்வது? டாட் ராக்பாக்ஸ் ஃபோல்டருக்குள் ராக்பாக்ஸ்-இன்ஃபோ என்ற உரைக்கோப்பு இருக்கிறது. மாடலும் பதிப்பும் அதில் இருக்கும். அப்படியே ஒட்டி அனுப்புங்கள்.

தவறுதலாக டாட் ராக்பாக்ஸ் ஃபோல்டரை அழித்துவிட்டேன். ப்ளேயர் போய்விட்டதா?

இல்லை, பயப்படாதீர்கள். பெரும்பாலான மாடல்களில் பழைய ஃபர்ம்வேர், அதாவது ப்ளேயரோடு வந்த மென்பொருள், பத்திரமாக உள்ளேயே இருக்கும். கையேட்டில் சொன்ன பொத்தானை அழுத்தியபடி ஆன் செய்து, கணினியில் இணைத்து, நகலைத் திருப்பிப் போடுங்கள். நகல் இருக்கிறதல்லவா?