சைக்கிள் பட்டறை: வாசகர் கேள்விகள்

கேள்வி: ஐயா, எனக்கு 41 வயது. ஞாயிறு காலையில் தெலுக் பகாங் வழியாகப் பாலிக் புலாவ் போய் வருவேன். வார நாட்களில் சாயங்கால மழை விடுவதில்லை. அதனால் வீட்டுக்குள் நின்ற இடத்திலேயே சைக்கிளை மிதிக்க, பழைய டிரெய்னர் ஒன்றை வாங்கியிருக்கிறேன். பின்சக்கரத்தை உருளைமேல் அழுத்தி ஓட்டும் வகை. நல்ல டயர் வீணாகுமே என்று, ஸ்டோர் ரூமில் கிடக்கும் பழைய பின்சக்கரத்தை இதற்கென்றே மாட்டிவிடலாமா? ரிம் தேய்ந்ததுதான். ஆனால் வீட்டுக்குள் பிரேக் பிடிக்கப் போவதில்லையே?
— வாசகர், ஆயர் ஈத்தாம்

பதில்: தம்பி, உங்கள் யோசனை முக்கால்வாசி சரி. அந்தக் கடைசி வரிதான் தப்பு.

பழைய சக்கரத்தை டிரெய்னருக்கு ஒதுக்குவது நல்ல பழக்கம். உருளையில் டயர் சூடேறும், நடுப்பகுதி தட்டையாகும், தரையெல்லாம் கறுப்புத் தூள் கொட்டும். அந்த அடியைப் பழைய டயர் வாங்கிக்கொள்ளட்டும்.

ரிம் விஷயம் வேறு. பாலிக் புலாவ் இறக்கத்தில் மழையில் பிரேக் பிடித்தால், மணல் பிரேக் கட்டையில் ஒட்டி, உப்புத்தாள் தேய்ப்பது போல அலுமினியத்தைத் தேய்க்கும். வெளியே இப்படி மெலிந்துகொண்டே வரும் ரிம்மின் பக்கச் சுவரை, உள்ளேயிருக்கும் டயர் காற்று ராப்பகலாக வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. பிரேக் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அது ஒருநாள் பிளக்கும்.

நான் பட்ட பாடு இது. தூக்கிப்போட வேண்டிய ரிம்மை, ‘வீட்டுக்குள்தானே’ என்று 110 பவுண்டு காற்றடித்து ஹாலில் சாய்த்து வைத்தேன். ராத்திரி இரண்டு மணிக்கு வெடித்தது. கேஸ் சிலிண்டர்தான் போய்விட்டது என்று என் மனைவி அடுப்படிக்கு ஓடினாள். விளக்கைப் போட்டுப் பார்த்தால், அலுமினியம் ஒரு சாண் நீளத்துக்கு வாழைநார் மாதிரி உரிந்து தொங்குகிறது. காலை அங்கே நீட்டிப் படுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் சொல்லிக்காட்டுகிறாள்.

ஆகவே முதலில் ரிம்மைப் பாருங்கள். பழைய வங்கி அட்டை ஒன்றின் விளிம்பை, பிரேக் கட்டை உரசும் இடத்தில் குறுக்கே வைத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். அட்டைக்கு அடியில் பிறைபோல வெளிச்சம் நன்றாகத் தெரிந்தால் அங்கே குழி விழுந்திருக்கிறது. பல ரிம்களில் தேய்மானம் காட்ட ஒரு சின்னக் குழியோ வரியோ இருக்கும். அது மறைந்துவிட்டால் ரிம்மின் ஆயுள் முடிந்தது. கம்பி சேரும் துளைகளைச் சுற்றி விரிசல் இருந்தாலும் வேண்டாம். காற்றைக் குறைத்துச் சமாளிக்கலாம் என்றும் நினைக்காதீர்கள். காற்று குறைந்த டயர் உருளையில் வழுக்கும், இன்னும் சூடேறும்.

ரிம் நன்றாக இருந்தால், பக்கவாட்டில் கொஞ்சம் ஆடினாலும் கவலையில்லை. மேலும் கீழும் குதித்தால்தான் தொல்லை, ஒவ்வொரு சுற்றுக்கும் ‘டக் டக்’ என்று மிதியில் தெரியும். டயர் வழவழப்பாக இருக்கட்டும். உள்நூல் தெரிகிற டயர் வேண்டாம். ஓட்டி முடித்ததும் உருளையைத் தளர்த்திவிடுங்கள், இல்லாவிட்டால் டயரில் ஒரே இடத்தில் பள்ளம் விழும்.

பின்பக்கப் பல்சக்கரம் உங்கள் கியருக்குப் பொருந்துகிறதா? 9 அடுக்குப் பல்சக்கரத்தில் 11 அடுக்குக் கியர் ஒழுங்காக விழாது. பொருந்தினாலும், தேய்ந்த பல்லில் புதுச் செயின் போட்டால் அழுத்தி மிதிக்கும்போது தாவும்.

இன்னொன்று, டிரெய்னர் பழையது என்கிறீர்கள். அதோடு வர வேண்டிய இரும்பு அச்சுக்கம்பி, அதாவது பின்சக்கர அச்சுக்குள் செருகும் கம்பி, வந்ததா? விற்றவரிடம் கேளுங்கள். எடை குறைந்த அலுமினியக் கம்பியை டிரெய்னரின் பிடிக்குள் வைத்து இறுக்கினால் நசுங்கிவிடும்.

கேள்வி: டிரெய்னர் ஓட்டினால் கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வருகிறார். கம்பளம் விரித்தும் பயனில்லை.
— வாசகி, பட்டர்வொர்த்

பதில்: கம்பளம் காதுக்கு வரும் சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கும், தரைக்கு இறங்கும் அதிர்வை நிறுத்தாது. உடற்பயிற்சிக் கூடத்தில் விரிக்கும் தடித்த ரப்பர் பாய் வாங்குங்கள். உங்களுடையது மலைச் சைக்கிளா? அந்த முண்டு முண்டான டயர்தான் லாரி மாதிரி உறுமுகிறது. வழவழப்பான டயருக்கு மாற்றிவிட்டு, ஒருநாள் கீழ்வீட்டில் உட்கார்ந்து நீங்களே கேட்டுப் பாருங்கள். போகும்போது முறுக்கு ஏதாவது கொண்டுபோங்கள்.