திட்ட அறிக்கையோடு ஒரு பைத்தான் பேக்கேஜும் வேண்டும்

மதிப்பிற்குரிய ஐயா,

புற்றடி, போடிநாயக்கனூர் மின் ஏலங்களில் ஏலக்காய் விற்ற விலையிலிருந்து வாரச் சராசரியைக் கணக்கிடும் நிரலை இறுதியாண்டுத் திட்டப்பணியாக எழுதி, 60 பக்க அறிக்கையையும் பைண்டிங் செய்து முடித்துவிட்ட உங்கள் மகனை, மேலும் பணம் கட்டி ஒரு சான்றிதழ்ப் படிப்பில் சேர்க்கலாமா என்று குமுளியிலிருந்து எழுதிக் கேட்டிருக்கிறீர்கள். இப்போது வேண்டாம். செலவே இல்லாத ஒரு பணி அவருக்குப் பாக்கி இருக்கிறது: அறிக்கையில் விவரித்துள்ள நிரலை, எவரும் தம் கணினியில் நிறுவி இயக்கக்கூடிய, பைத்தான் என்னும் நிரல்மொழியின் சிறு பேக்கேஜாக (நிரல் தொகுப்பாக) மாற்ற வேண்டும். (வளாக நேர்காணல் பேச்சில் அடிபடும் சம்பளப் பேக்கேஜ் அல்ல இது.)

அதன் அமைப்பு எளியது. ஒரு கோப்புறையில் நிரல் கோப்புகள், பேக்கேஜின் பெயரும் பதிப்பு எண்ணும் குறிக்கப்பட்ட பைப்ராஜெக்ட்.டாம்ல் என்னும் கோப்பு, பயன்படுத்தும் முறையைச் சொல்லும் ரீட்மீ கோப்பு; இவை இருந்தால், பைத்தான் பேக்கேஜ்களை நிறுவும் பிப் இன்ஸ்டால் கட்டளையால் நிறுவிவிடலாம்.

அவர் நேரம் செலவிட வேண்டிய இடம் வேறு. ஃபங்ஷன் எனப்படும் ஒவ்வொரு நிரல் பகுதியின் தொடக்கத்திலும் டாக்ஸ்ட்ரிங் எனப்படும் விளக்கக் குறிப்பில், விடையோடு கூடிய ஓர் எடுத்துக்காட்டை எழுதச் சொல்லுங்கள். கிலோ 2000 ரூபாய்க்கு 100 கிலோவும் 2400 ரூபாய்க்கு 300 கிலோவும் போனால் சராசரி 2200 அல்ல, 2300 என்பது ஏலக்காய் வியாபாரியான உங்களுக்குத் தெரியும். எடையைக் கணக்கில் கொள்ளாத நிரலுக்குத் தெரியாது. 2001-இல் வெளியான 2.1 பதிப்பிலிருந்தே பைத்தானுடன் சேர்ந்து வரும் டாக்டெஸ்ட் என்ற கருவி, இத்தகைய எடுத்துக்காட்டுகளை இயக்கி, கிடைத்த விடையைக் குறிப்பில் உள்ள விடையோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுகிறது. வகுத்தலின் விடை 2300.0 என்று வரும்போது குறிப்பில் 2300 என்றிருந்தால் அதையும் பிழை என்றே சொல்லும். இந்தக் கறார்தான் நமக்கு வேண்டியது. அதே குறிப்புகளை ஸ்பிங்ஸ் என்ற மென்பொருளின் ஆட்டோடாக் வசதி எடுத்து ஆவணப் பக்கங்களாக்கிவிடுவதால், நிரல் மாறியபின்னும் ஆவணம் பழையதாகவே கிடக்கும் வழக்கமான குறை பெருமளவு நீங்கும்.

இதனால் வேலை உறுதி என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் சான்றிதழைப் பற்றி நேர்காணலில் ஒரு கேள்விக்கு மேல் எழுவது அரிது. எடையை ஏன் கணக்கில் கொண்டீர்கள் என்று தொடங்கினாலோ, உங்கள் மகன் அரை மணி நேரம் பேசலாம்.

முடித்ததும் உங்கள் கடைக் கணினியில் நிறுவிப் பார்க்கட்டும். அவருடைய மடிக்கணினியில் மட்டும் இருக்கும் ஏதேனும் ஒரு கோப்பை நிரல் நம்பியிருந்தால், அங்கே குட்டு வெளிப்பட்டுவிடும். பைத்தான் பேக்கேஜ்களுக்கான பொதுத் தளமான பைபிஐயில் வெளியிட விரும்பினால், முதலில் அதன் சோதனைத் தளமான டெஸ்ட் பைபிஐயில் ஒத்திகை பார்ப்பது நல்லது. பைபிஐ தளத்தில் ஏற்றிய கோப்பை அழித்தாலும், அதே பெயரும் பதிப்பு எண்ணும் கொண்ட கோப்பை மீண்டும் ஏற்ற அத்தளம் இடம் தருவதில்லை.