கடன் முடிந்த மாதமே அடுத்த நிலமா?

கேள்வி: பாளையங்கோட்டையில் இருக்கிறேன். அரசு மருத்துவமனையில் செவிலியர். கையில் வாங்கும் சம்பளம் 68,000. கணவருக்குச் சின்னதாக ஒரு செல்போன் கடை. அவருடைய அக்கா வீட்டுக்காரர் மனைத் தரகு பார்க்கிறார். அண்ணாச்சி சொல்லித்தான் 2020இல் பொன்னாக்குடி பக்கம் 7 லட்சத்துக்கு மனை வாங்கினோம், தனிநபர் கடனில். 2022இல் வள்ளியூர் பக்கம் 9 லட்சத்துக்கு இன்னொன்று, 35 சவரன் நகையை வைத்து. 2024 ஜனவரியில் மூன்றாவது மனைக்கு 4 லட்சம் அட்வான்ஸ் கொடுத்தோம், இன்னும் பத்திரம் முடியவில்லை. முதல் கடன் போன மாதம் தீர்ந்தது. இப்போது சேரன்மகாதேவி பக்கம் அப்பா விட்டுப்போன நஞ்சையில் என் பங்கை 15 லட்சத்துக்கு விற்று, ‘பராமரிப்போடு பண்ணை நிலம்’ 20 சென்ட் எடுக்கச் சொல்கிறார். முதல் மாதத்திலிருந்தே 10,000 ரூபாய் வருமாம். பங்கை விற்றால் வரி எவ்வளவு? வேண்டாம் என்றால் மதினி முகத்தில் எப்படி முழிப்பது? மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள்.

பதில்: வரியைக் கடைசியில் சொல்கிறேன். உங்களுக்கு மனையும் பத்திரமும் புதிதில்லை, அதனால் வில்லங்கம் பாருங்கள், பட்டா பாருங்கள் என்று ஆரம்பத்திலிருந்து சொல்லப் போவதில்லை. உங்களை அரித்துக்கொண்டிருப்பது ஒரே பழக்கம்: அண்ணாச்சி ஒரு ‘நகர்’ காட்டியதும் கடன் வாங்கி மனை வாங்குவது. ஒரு கடன் தீர்ந்த மாதமே அவர் அடுத்ததோடு வந்து நிற்கிறார், பாருங்கள்.

முதல் மனையின் கணக்கைப் போடுவோம். 7 லட்சத்துக்கு 13 சதவீத வட்டி, 60 மாதம் என்றால் தவணை 15,900 சுமாருக்கு வரும். கட்டி முடித்தது 9.55 லட்சம். பத்திரம், எழுத்துக்கூலி, தரகு எல்லாம் சேர்த்து 80,000 என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆக அந்த மனை உங்களுக்கு 10.35 லட்சத்தில் விழுந்திருக்கிறது. பக்கத்து மனைக்கு இன்று 9 லட்சம் சொல்கிறார்கள். அது சொல்கிற விலை; கையில் வருவது அதற்குக் கீழேதான் இருக்கும். அஞ்சு வருஷத்தில் 7 ஒன்பது ஆகிவிட்டது என்று அண்ணாச்சி சந்தோஷப்படலாம். அவருக்குத் தரகு அன்றைக்கே வந்துவிட்டது, வட்டி கட்டியது நீங்கள்.

இரண்டாவது மனை இன்னும் மோசம். 9 லட்சம் நகைக்கடனுக்கு 9 சதவீதத்தில் வருஷத்துக்கு 81,000 வட்டி. நகையைத் திருப்பாமல் வட்டியை மட்டும் கட்டி மாற்றி மாற்றி வைத்ததில் மூன்று வருஷத்தில் இரண்டரை லட்சம் போயிருக்கிறது, அசல் அப்படியே நிற்கிறது. தங்கம் ஏறியிருப்பதால் அதே நகைக்கு வங்கி இன்று இன்னும் கூடுதலாகத் தரும். தயவுசெய்து வாங்கிவிடாதீர்கள். இனி புதிதாக மனை வாங்கினால் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என்று 9 சதவீதம் வரை முதல் நாளே போய்விடும். அதற்கு மேல் கடன் வட்டியும் சேர்ந்தால், எந்த நகரில் எந்த மனை அதைத் தாண்டி ஏறும் என்று அண்ணாச்சியையே கேளுங்கள்.

மூன்றாவது மனைதான் எனக்கு உண்மையான கவலை. நீங்கள் அனுப்பிய அக்ரிமெண்டையும், நில உடைமையாளர்கள் தங்கள் சார்பில் விற்க ஏஜெண்டுக்கு அதிகாரம் கொடுத்த பவர் பத்திரத்தையும் வரி வரியாகப் படித்தேன். 20 ரூபாய் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி, பதியாமல் விட்டிருக்கிறார்கள். கையெழுத்து போட்டவர் பவர் ஏஜெண்ட். அவருக்குப் பவர் கொடுத்தவர்கள் மூன்று பேர். ஆனால் அதே பவர் பத்திரத்தின் இரண்டாம் பக்கத்தில், இறந்துபோன நில உடைமையாளருக்கு வாரிசுகள் நான்கு பேர் என்று இருக்கிறது. நான்காவது வாரிசான, மும்பையில் இருக்கும் அவருடைய மகளின் கையெழுத்து எங்கும் இல்லை. அவர் ஒரு நாள் ஊருக்கு வந்து என் பங்கு எங்கே என்று கேட்டால், உங்கள் மனைக்குள்ளும் அவருக்குக் கால் பங்கு உண்டு.

போதாததற்கு, அது நஞ்சையை அண்மையில் துண்டு போட்ட இடம், மனைப்பிரிவு அங்கீகாரம் இல்லை. அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக் கூடாது என்ற தடை நடைமுறைக்கு வந்த தேதி 20.10.2016. அதற்கு முன் பதிந்த மனைகளை வரன்முறைப்படுத்தத்தான் 2017இல் வழி விட்டார்கள். நேற்று பிரித்த இடத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. மீதிப் பணத்தையும் கொடுத்தாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனையாகப் பதிய முடியாது. “பவர் வாங்கி வச்சுக்கிடுங்க, அதுவே பத்திரம் மாதிரி” என்று ஏஜெண்ட் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். பவரை வைத்து உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011இலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆகவே இனி ஒரு பைசா கொடுக்க வேண்டாம். அட்வான்ஸைத் திரும்பக் கேளுங்கள்.

கேட்பது வாய்வார்த்தையாக இருக்கக் கூடாது. தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து விற்பனை அக்ரிமெண்டைப் பதிவது கட்டாயம். பதியாத அக்ரிமெண்டையும் ஒப்பந்தத்தை நிறைவேற்றக் கோரும் வழக்கில் சாட்சியமாகக் காட்டலாம் என்று 2023இல், தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே, உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பது உங்களுக்கு ஒரு பிடி. அதனால் அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள். ‘புதுசா எழுதித் தாரேன்’ என்று கேட்டால் கொடுத்துவிடாதீர்கள். 4 லட்சத்தில் 3 லட்சம் ரொக்கமாகக் கொடுத்திருக்கிறீர்கள். மனைக் கிரயத்தில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கினால், வாங்கியவருக்கு அதே தொகை அபராதம். உங்கள் வக்கீல் இதையும் நோட்டீஸில் ஒரு வரி எழுதட்டும், ஏஜெண்டின் பேச்சு மாறும். திருப்பித் தரும் பணம் வங்கி வழியாகவே வரட்டும்.

பண்ணை நிலத்துக்கு வருகிறேன். 15 லட்சம் கொடுத்தால் மாதம் 10,000, வருஷத்துக்கு 1.2 லட்சம். உங்கள் பணத்திலிருந்தே எடுத்து உங்களுக்கே 12 வருஷம் கொடுக்கலாம், ஒரு மரம் கூட காய்க்க வேண்டியதில்லை. நடுவது மாவும் சந்தனமும் என்கிறார்கள். மாங்கன்று காய்க்கவே சில வருஷம் ஆகும், சந்தனம் வைரம் பாயப் பல வருஷம். முதல் மாத வருமானம் எங்கிருந்து வருகிறது? பலரிடம் பணம் திரட்டி, தாங்களே நிர்வகித்து லாபம் தருகிறோம் என்றால் அது கூட்டு முதலீட்டுத் திட்டம், அதற்குப் பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபியில் பதிவு வேண்டும். பதிவெண்ணைக் கேளுங்கள். 1990களில் தேக்கு, 2012இல் பெருந்துறைப் பக்கம் ஈமு, இரண்டும் இப்படி லாபம் காட்டிப் பணம் திரட்டி முடங்கியவைதான். அப்போதும் நம்மைப் போன்ற சம்பளக்காரர்கள்தான் பணத்தை விட்டார்கள். தனி வழியும் தனிக் கிணறும் இல்லாத 20 சென்ட் துண்டைப் பிறகு விற்கவும் ஆள் கிடைக்காது.

அதற்காகவா கன்னடியன் கால்வாய்த் தண்ணீர் பாய்ந்து, கார், பிசானம் என்று இரண்டு போகம் நெல் விளையும் நஞ்சையைக் கொடுப்பது? அதை விற்க வேண்டாம். பட்டா கூட்டாக இருப்பதால் அண்ணன் தம்பிகளோடு பேசிப் பாகப்பிரிவினை பதிந்துகொள்ளுங்கள். குடும்பத்துக்குள் என்பதால் பங்குக்கு முத்திரைத் தீர்வை மதிப்பில் 1 சதவீதம், அதிகபட்சம் 40,000. பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000. பிறகு உட்பிரிவு செய்து உங்கள் பெயரில் தனிப்பட்டா.

பின்னால் எப்போதாவது விற்றால், கிராமப்புற விவசாய நிலத்துக்கு மூலதன ஆதாய வரி கிடையாது. ஆனால் தூரம் பார்க்க வேண்டும். நெல்லை மாநகராட்சி எல்லையிலிருந்து நேர்கோட்டில் 6 கிலோமீட்டருக்கு அப்பாலும், 10,000க்கு மேல் மக்கள்தொகை உள்ள பேரூராட்சி, நகராட்சி எல்லையிலிருந்து 2 கிலோமீட்டருக்கு அப்பாலும் இருக்க வேண்டும்.

விற்க வேண்டியது பொன்னாக்குடி மனை. தரகு போக 8.8 லட்சம் கிடைத்தாலும் நகை ஏறத்தாழ முழுசாகத் திரும்பிவிடும். வரி? வாங்கிய செலவு 7.8 லட்சம். விலைவாசி ஏற்றத்துக்குத் தக்கபடி வாங்கிய விலையைக் கூட்டிக் காட்ட வரிக் கணக்கில் ஒரு குறியீட்டெண் உண்டு: 2020-21க்கு 301, 2025-26க்கு 376. அதன்படி உங்கள் அடக்கம் 9.7 லட்சத்துக்கு மேல். 2024 ஜூலை 23க்கு முன் வாங்கிய சொத்து என்பதால் இந்தப் பழைய முறையில் கணக்குப் போட்டுக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு, வரி வராது. தீர்ந்த தவணை 15,900, நகை வட்டியில் மிச்சம் 6,750 இரண்டையும் மாதாமாதம் ஆர்.டி.யில் போட்டால் மகள் கல்லூரி சேரும்போது கையில் 4 லட்சம் இருக்கும். மதினியிடம் இந்த ஆர்.டி. புத்தகத்தைக் காட்டி, மகள் படிப்பு முடிகிற வரை எங்களால் எதுவும் எடுக்க முடியாது என்று உங்கள் கணவரே சொல்லட்டும். அவருடைய அக்கா, அவர்தான் பேச வேண்டும்.

வள்ளியூர் மனைக்குப் பட்டா மாற்றாமல் வைத்திருக்கிறீர்கள், இந்த மாதமே மனுப் போடுங்கள். மூன்றாவது மனையின் அக்ரிமெண்டில் கெடு 2024 டிசம்பர் என்று இருக்கிறது. வழக்குப் போட அதிலிருந்து மூன்று வருஷம்தான். “பாத்துக்கிடலாம்” என்று அண்ணாச்சி தள்ளுகிற ஒவ்வொரு மாதமும் அதில்தான் கழிகிறது. நோட்டீஸ் முதலில் போகட்டும்.